என் பேரில் ஒரு குரல்

காதில் மாட்டியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் கழற்றுங்கள் சார். திருச்செந்தூருக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் அதற்கு முன்னாலேயே சுகந்தவிளை விலக்கில், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், இறங்கிவிடுவேன். அதற்குள் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஒருத்தன் இன்னொருத்தன் பேரில் பாடிவிட்டால் அவன் மேல் என்ன கேஸ் போடலாம்?

சிரிக்காதீர்கள். பாளையங்கோட்டையில் ஒருத்தர் சிரித்துவிட்டார், அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்தை இன்னொருத்தன் போட்டால் அது குற்றம். என் பேரில் இன்னொருத்தன் ஓட்டுப் போட்டால் அது குற்றம். என் பேரை வைத்துக்கொண்டு இன்னொருத்தன் தொண்டையைத் திறந்தால் மட்டும் அது பாட்டா?

என் பேர் ஞானசிகாமணி. மாவு மில் வைத்திருந்தேன். இப்போது மருமகன் பார்க்கிறான், பார்க்கிற லட்சணத்தை விடுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்துவிட்டேன். மில் மிஷின் சத்தத்தில் நின்று பேசிப் பேசி எனக்கு மெதுவாகப் பேச வராது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

எங்கள் ஊர்க் கோயிலில், சர்ச்சைத்தான் சொல்கிறேன், நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம், அங்கே பாடகர் குழுவில் நான் பேஸ். பேஸ் என்றால் என்னவென்று தெரியுமா? நான்கு குரல் உண்டு சார். பெண்களில் மேலே பாடுவது சோப்ரானோ, கீழே பாடுவது ஆல்ட்டோ. ஆண்களில் மேலே டெனர். எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ். பாட்டின் மெட்டைப் பெண்கள் எடுத்துக்கொள்ளுவார்கள். ஜனங்கள் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் அதற்கு அடியில் வேறு வழியில் நடப்போம். நாங்கள் பாடும்போது நாங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது. நாங்கள் நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்கும், அப்போது தெரியும்.

பேஸ் வரிசையில் கடைசிவரை நின்றவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தன் சற்குணம். அவன்தான் திருடன். பேரைப் பாருங்கள், சற்குணம்!

தபால்காரனாக இருந்தவன். பாட்டுப் புத்தகத்தில் டோ ரே மீ என்று எழுத்தெழுத்தாகப் போட்டிருக்கும், அதை வாசித்துப் பாடத் தெரிந்தவன். அதில் அவனுக்கு ஒரு கர்வம். எனக்குப் புத்தகமே தேவையில்லை சார். பாட்டு தொடங்கியதும் எனக்குத் தானாக வரும். அவன் வாயைத் திறந்தான் என்றால் எனக்கும் அந்த நொடியே வந்துவிடும். புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவன் பெரியவனா, பார்க்காமல் பாடுகிறவன் பெரியவனா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சற்குணம் போன வருஷம் ஓசூருக்குப் போய்விட்டான். மகன் கூப்பிட்டானாம். போவதை என்னிடம் எப்போது சொன்னான் தெரியுமா? வண்டியில் சாமான் ஏற்றிய பிறகு. ஆராதனை முடிந்து வெளியே வருகிறோம், "சிகாமணி, நாளைக்குக் கிளம்புதேன்" என்கிறான். காய்கறி வாங்கப் போகிறவன் சொல்லுவானே, அந்த மாதிரி. "போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தொண்டை சரியில்லை. பாடப் போகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தொண்டை நிஜமாகவே சரியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் போடுவோம். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதல் அண்டாவின் மூடியைத் தூக்குவதற்கு முன்னால் பாடகர் குழு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நாலு குரலில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாடி முடித்த பிறகுதான் முதல் கரண்டி. எவ்வளவு பசித்தாலும் பாட்டு இல்லாமல் அண்டா திறக்காது. பாடுகிறவர்கள் பேரைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளுகிற உபதேசியார் மைக்கில் வாசிப்பார். பேஸ், ஞானசிகாமணி. இந்தச் சத்தம் புகைபோக்கிக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒலிபெருக்கியில் புறப்பட்டு விலக்கு வரைக்கும் வந்து விழும். அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற சோறு இருக்கிறதே, அது வேறு ருசி.

இந்த வருஷம் பாட ஆளில்லை. டெனர் துபாயில். ஆல்ட்டோ கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். அப்போதுதான் எங்கள் குழுத் தலைவி பியூலா, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, அவள் ஒரு யோசனை சொன்னாள். அவரவர் இருக்கிற இடத்தில் பாடி அனுப்புங்கள், இண்டர்நெட்டில் ஒரே இடத்தில் எல்லாம் சேரும், நான் ஒன்றாக்கிக் கொடுக்கிறேன், அண்டாவுக்குப் பக்கத்தில் மைக்செட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றாள். பாட்டும் அவளே கட்டியது, பந்திக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு. கமிட்டியும் தலையை ஆட்டிவிட்டது.

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இதோ, என் போனிலேயே இருக்கிறது. கலர் கலராகப் பட்டை பட்டையாக ஓடுகிறது பாருங்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு ஆள். நுனியில் பேர். பேருக்குப் பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து, எம், எஸ். எம்மை அமுக்கினால் அந்த ஆள் வாயை மூடிக்கொள்ளுவான். எஸ்ஸை அமுக்கினால் அவன் மட்டும் பாடுவான், மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ளுவார்கள். எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு இந்தப் பொத்தான் இருந்தால் எவ்வளவோ நல்லது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருத்தன் பாடினதை மற்றவர்கள் கேட்டுப் பார்த்து, பட்டையின் மேல் எந்த இடத்தில் வேண்டுமானாலும் குறை எழுதி ஒட்டலாம். ஒட்டினால் ஒட்டினவன் மூஞ்சி அந்த இடத்தில் வட்டமாக வந்து உட்காரும். யார் பட்டையில் யார் கை வைத்தாலும் தடுக்காது, பூட்டு இல்லாத வீடு. எல்லாம் சரியாக இருந்தால் பியூலா ஒரு பச்சை டிக் போடுவாள். பச்சை டிக் விழுந்த பட்டைதான் பாட்டில் சேரும்.

பாடுவதற்குச் சட்டம் வேறு. இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டுமாம், காதுக்குள் பியானோ ஓடுமாம், அதைக் கேட்டுக்கொண்டு நாம் தனியாகப் பாட வேண்டுமாம். காதை அடைத்துக்கொண்டு பாட நான் என்ன பைத்தியமா? மில்லைச் சாத்திவிட்டு, போனைத் தராசு மேல் வைத்து, பியானோவைச் சத்தமாக ஓடவிட்டு, நெஞ்சை நிமிர்த்திப் பாடி அனுப்பினேன்.

சாயங்காலம் பார்க்கிறேன், என் பட்டையின் மேல் பியூலாவின் மூஞ்சி. "அங்கிள், நீங்க சோப்ரானோ லைனைப் பாடியிருக்கீங்க. பேஸ் லைன் வேணும்." 

சோப்ரானோ! என்னைப் பார்த்துப் பொம்பளைப் பாட்டுப் பாடுகிறேன் என்கிறாள். இவள் அப்பன் என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவன். முறைப்படி நான் இவளுக்கு மாமா. பெங்களூர் போனதும் அங்கிள்! உடனே போன் போட்டேன்.

"ஏட்டி பியூலா, எனக்கு நீ பாட்டுச் சொல்லித் தருதியா?"

"அய்யோ அங்கிள், குரல் அருமையா இருக்கு. ஆனா மெட்டைத்தான் கீழ இறக்கிப் பாடுறீங்க. உங்க லைன் வேற. நோட்ஸ் அனுப்பட்டுமா?"

"நோட்ஸ் பாத்துப் பாடுற ஆள் நான் இல்ல."

"தெரியும் அங்கிள். அப்ப பியானோல உங்க லைனை மட்டும் வாசிச்சு அனுப்புறேன். இயர்போன் மாட்டிக்கிட்டு..."

போனை வைத்துவிட்டேன். மறுபடி பாடினேன். இந்தத் தடவை துபாய்க்காரன் மூஞ்சி வந்து உட்கார்ந்தது. "மாமா, இது என் லைன் மாதிரி இருக்கே" என்று, கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. மூன்றாவது தடவையும் பாடினேன். அப்போதுதான் அவன் வந்தான். சற்குணத்தின் மூஞ்சி, கண்ணாடியும் வழுக்கையுமாக, என் பாட்டின் நட்ட நடுவில். "இரண்டாவது வரியில் நீ இறங்க வேண்டும். ஏறிவிட்டாய்." ஏறி இறங்குவதற்கு இதென்ன டவுன் பஸ்ஸா? அதோடு விட்டானா? நாலாவது வரியில் இன்னொரு மூஞ்சி. "இங்கே நீ யாரைக் கேட்டுப் பாடுகிறாய்?" யாரைக் கேட்டுப் பாட வேண்டும்? பாடுவதற்கு நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இவன் எனக்கு உத்தரவு போடுகிறான்.

என் பட்டையைப் பார்த்தால் பலகாரத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி மூஞ்சியாக இருந்தது சார்.

எனக்கு எழுத வராது என்று நினைத்தார்கள். போனிடம் வாயால் சொன்னால் அதுவே எழுதும் என்று அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். சோப்ரானோவுக்கு "கத்தல்" என்று ஒட்டினேன். ஆல்ட்டோவுக்கு "தூங்குகிறாயா?" துபாய்க்காரனுக்கு "மூக்கால் பாடாதே". பியானோவுக்குக்கூட ஒன்று ஒட்டினேன், "மட்டம்". சற்குணத்தின் பட்டை மேல் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. அவன் பாடியதைக் கேட்கவே இல்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

என் வீட்டுக்காரி ரத்தினபாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் சும்மா போகக் கூடாதா? "ஒத்தையில நீங்க பாடி நான் கேட்டதே இல்லியே. இப்பத்தான் கேக்கேன்" என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

நான் ஒட்டியதற்கெல்லாம் பியூலா கும்பிடுகிற கையை மட்டும் போட்டாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நானும் நான்காவது தடவை பாடவில்லை. வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

போன வாரம் போனை எடுத்துப் பார்க்கிறேன், என் பேருக்குப் பக்கத்தில் பச்சை டிக்! மூஞ்சிகள் ஒன்றையும் காணோம். பட்டை துடைத்துவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருக்கிறது. கீழே பியூலா எழுதியிருக்கிறாள், "அங்கிள், சூப்பர்! இதுதான் வேணும்." எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். கடைசியில் வழிக்கு வந்தார்கள் பார்த்தாயா, என் பாட்டில் குறையில்லை என்று ஒத்துக்கொண்டார்கள் பார்த்தாயா என்று நேரே ஜெபக்கனி சலூனுக்குப் போனேன். நாலு பேர் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன்.

"என்ன அண்ணாச்சி, சேவிங்கா?"

"அதெல்லாம் அப்புறம். பாட்ட நிறுத்துலே. இதக் கேளு. நான் பாடினது, நான் மட்டும்."

எஸ்ஸை அமுக்கினேன். என் பேருக்கு நேராக இருக்கிற எஸ். 

முதல் வரிக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது சார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு வருமே, அதிலேயே தெரிந்துவிட்டது. சற்குணம் ஒரே மூச்சாக இழுக்கமாட்டான். இரண்டாக இழுப்பான், படியில் கால் வைத்து அடுத்த படிக்குப் போகிற மாதிரி. அந்த இரண்டாவது இழுப்பில்தான் நான் எப்போதும் வாயைத் திறப்பேன். எத்தனை பண்டிகை, எத்தனை கல்யாணம், எத்தனை அடக்க ஆராதனை, என் இடது காதில் அந்த மூச்சுத்தான் விழுந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு பாட்டு வருகிறது. குரல் அவனுடையது, ஆனால் பாடுவது என்னை மாதிரி! நான் எல்லோருக்கும் ஒரு நூல் பின்னால்தான் தொடங்குவேன். அது மரியாதை சார், அடுத்தவன் முதலில் தொடங்கட்டும் என்று விடுவது. அதை அப்படியே செய்திருக்கிறான். வரியின் கடைசியில் நான் கொஞ்சம் இழுப்பேன், எல்லோரும் நிறுத்தின பிறகும் என் குரல் கொடியில் துணி மாதிரி கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும். அதையும் செய்திருக்கிறான். குரலைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு, நெஞ்சிலிருந்து தள்ளிக்கொண்டு, அசல் நான்தான். பேர் என்னுடையது, தொண்டை அவனுடையது.

சலூனில் கை தட்டினார்கள்.

"அண்ணாச்சி, சும்மா கோயில் மணி மாதிரி இருக்கு!" என்கிறான் ஜெபக்கனி. பாதி முகத்தில் சோப்போடு ஒருத்தன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். "உங்க குரல் இப்படி இருக்கும்னு தெரியாம போச்சே மாமா, அந்தச் சற்குணம் பெரியப்பா சத்தத்துல அமுங்கிப்போச்சு போல" என்கிறான்.

நான் என்ன சொல்ல முடியும்? "ஆமா" என்றேன். அந்த ஆமாவைச் சொல்ல வைத்தான் பாருங்கள், அதற்குத்தான் அவன் மேல் கேஸ் போட வேண்டும் என்கிறேன்.

சலூனை விட்டு வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டேன்.

"லே சற்குணம், என் பேர்ல என்னலே பண்ணி வச்சிருக்க?"

"கேட்டுட்டியா?"

"ஊரே கேட்டுச்சு. சலூன்ல போட்டுக் காட்டிட்டு வாரேன்."

"எவனாச்சும் கண்டுபிடிச்சானா?"

"ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

சிரிக்கிறான் சார். "அப்ப நல்லாத்தாம்லே பண்ணியிருக்கேன்" என்கிறான்.

"மிமிக்ரியாலே பண்ணுத? என்னைக் கேலி பண்ணுததுக்கு உனக்குக் கோயில் பாட்டுத்தான் கெடச்சுதா?"

"கேலி இல்லலே, கோட்டிக்காரா. கேளு. என் பாட்ட முதல்ல நான் தனியாத்தான் பாடினேன். எனக்கே பிடிக்கல. ஒத்தக் கால்ல நிக்குத மாதிரி இருந்துச்சு. பக்கத்துல நீ இழுக்குத சத்தம் இல்லாம எந்த வரிய எங்க முடிக்கன்னே தெரியல. அதான், நீ எப்படிப் பாடுவியோ அப்படி ஒண்ணு பாடிப் பக்கத்துல போட்டுக்கிட்டேன். அதக் கேட்டுக்கிட்டே மறுபடி என்னோடதப் பாடினேன். அப்பத்தான் சரியா வந்துச்சு."

"அதுக்கு என் பேர எதுக்குப் போட்ட?"

"அது நீதானலே? வேற யாரு பேரப் போட?"

அகம்பாவத்தைப் பார்த்தீர்களா? எப்படிப் பேசுகிறான் பாருங்கள். என்னைச் செய்து வைத்திருக்கிறானாம், பொம்மை செய்கிற மாதிரி. நான் இல்லாமலே நானாம். அதற்கு மேல் ஒன்று சொன்னான். "நீ அனுப்புனதையும் கேட்டேன் சிகாமணி. நாலு பேரு பாட்டுக்குள்ளயும் போய் என்னைத் தேடிட்டு வாரியேலே" என்றான். குரல் வேறு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நடிப்பு. போனை அங்கேயே வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை.

இவனைத் தேடுகிறேனாம்! எனக்கு வேறு வேலை இல்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள் சார். பியூலாவிடம் சொல்லலாம், அது நான் இல்லை என்று. சொன்னால் என்ன செய்வாள்? என் பேரை எடுத்துவிடுவாள். உபதேசியார் மைக்கில் வாசிக்கும்போது பேஸ், சற்குணம் என்று ஒரே பேராக வாசிப்பார். சலூனில் கை குலுக்கியவன் என்னை எப்படிப் பார்ப்பான்? சொல்லாமல் விடலாம். விட்டால், அண்டாவுக்குப் பக்கத்தில் என் பேரைச் சொல்லி அவன் குரலைப் போடுவார்கள். ஊரெல்லாம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும், நானும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டு, அந்தச் சோற்றைக் கையில் எடுக்க வேண்டும். எப்படி உள்ளே இறங்கும்?

நாளைக்குக் காலையில் பியூலா எல்லாவற்றையும் ஒன்றாக்கி மைக்செட்காரனுக்கு அனுப்பிவிடுவாள். அதனால்தான் இன்றைக்குப் பாளையங்கோட்டைக்கு ஓடினேன். எங்கள் பழைய பாதிரியார், ஓய்வு பெற்று அங்கேதான் இருக்கிறார், அவரிடம் நியாயம் கேட்கலாம் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்!

"எனக்கு ரெண்டு பேரும் எப்பவும் ஒரே ஆள் மாதிரித்தான் கேக்கும் சிகாமணி. பீடத்துல நிக்கிறவனுக்கு அது யாரு, இது யாருன்னு தெரியாது. யாரு பாடினா என்ன? ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்குத் தெரியும் என்பதுதானே ஐயா பிரச்சினை என்றேன். அதற்கும் சிரித்தார். டீ குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

என்ன, நின்றுவிட்டது? கேட்டா? ரயில்வே கேட் போட்டுவிட்டான். சரி, போட்டான் என்றால் சும்மா திறக்கமாட்டான். டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார் பாருங்கள். எவ்வளவு அமைதியாக இருக்கிறது. பனங்கிழங்கு வேண்டாம்மா, போ, போ.

என்ன சொன்னீர்கள்? இப்போதேயா? நானே பாடி மாற்றிவிடலாமா? இங்கேயேவா? இது பஸ் சார்.

இல்லை, முடியும். ஏன் முடியாது? என் பட்டை, என் பேர், நான் பாடுவதற்கு எவனைக் கேட்க வேண்டும்? ஆனால் பியானோவைப் போடாதீர்கள், அது டொக்கு டொக்கு என்று கொல்லன் பட்டறை மாதிரி இருக்கிறது, அதனால்தான் எனக்கு வரவில்லை. அந்தத் திருடன் பட்டையைப் போடுங்கள். என் பேரில் இருப்பது இல்லை, அதற்கு எம்மை அமுக்குங்கள், வாயை மூடட்டும். அவன் பேரில் அவன் பாடியிருக்கிறானே, அதைப் போடுங்கள். அவன் எப்படிப் பாடியிருக்கிறான் என்று கேட்டால்தானே அதைவிட நன்றாகப் பாடிக் காட்ட முடியும். சத்தமாக வையுங்கள், நான் கேட்டுக்கொண்டே...

இயர்போன் எதற்கு? என் போனிலேயே ஓடவிட்டால் அதுவும் சேர்ந்து பதிவாகிவிடுமா? அப்படியா? இதை ஏன் எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம் இல்லையா? கொடுங்கள் உங்கள் இயர்போனை. ஒன்று போதும். இல்லை, இந்தக் காது இல்லை, இடது காது. ஆமாம், அதில் மாட்டுங்கள்.

கண்டக்டர் சார், கொஞ்சம் பேசாமல் இருங்கள். கச்சேரியா என்று கேட்கிறார், கச்சேரிதான் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அழாமல் பார்த்துக்கொள்ளுங்கம்மா. சிவப்புப் புள்ளியை அமுக்கினீர்களா? அமுக்குங்கள்.

வருகிறான். மூச்சு இழுக்கிறான்.

*

ம். நிறுத்துங்கள். நிறுத்திவிட்டீர்களா?

என்ன சார், எல்லோரும் இப்படித் திரும்பிப் பார்க்கிறார்கள்? முன் சீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறார். கடைசி வரியில் ரயில் வந்துவிட்டது, அது என் தப்பில்லை. இருங்கள், நீங்கள் காதில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மெட்டுக்குப் போனேனா? இல்லை. டெனருக்குப் போனேனா? இல்லை. இரண்டாவது வரியில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேனா? இறங்கினேன்! எப்படி இறங்காமல் போகும்? நான்தான் சொன்னேனே, எனக்குப் புத்தகம் வேண்டாம், தானாக வரும் என்று. ரத்தினபாய் கேட்க வேண்டும் இதை. ஒத்தையில் பாடிக் கேட்டதில்லையாம்!

இவர்களால்தான் சார் எல்லாம். பியானோ, நோட்ஸ், அங்கிள். முதல் நாளே என்னை ஒழுங்காகப் பாடவிட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

எந்தக் கண் கலங்கியிருக்கிறது? காற்று. ஜன்னலைச் சாத்துங்கள்.

கேட் திறக்கிறான். சீக்கிரம், வண்டி எடுத்தால் கை ஆடும், தப்பாக எங்கேயாவது அமுக்கிவிடுவீர்கள். என் பேரில் இருக்கிற அந்தத் திருட்டுப் பட்டையைத் தூக்கிவிட்டு இதைப் போடுங்கள். ரயில் சத்தத்தோடே போடுங்கள், பரவாயில்லை. போட்டாச்சா? பேர் வந்துவிட்டதா? காட்டுங்கள். ஞானசிகாமணி. சரி.

இன்னும் ஒன்று இருக்கிறது. சற்குணத்தின் பட்டைக்குப் போங்கள். அவனுக்கு ஒரு குறை ஒட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒட்டினேன், அவனுக்கு மட்டும் பாக்கி. எந்த இடத்திலா? முதலிலேயே ஒட்டுங்கள், தொடங்குகிற இடத்தில். நான் சொல்லுகிறேன், நீங்கள் எழுதுங்கள். அப்படியே எழுத வேண்டும், மாற்றக் கூடாது.

"சத்தம் போதவில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகப் பாடு."

எழுதியாச்சா? என் பேரில் போடுங்கள்.